சிறிய கிட்னிக் கட்டிக்குச் சிகிச்சை முடிந்த பிறகு: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூராலஜி வார்டில் பல வருடம் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். அக்கம்பக்கத்தில் யாருக்காவது கிட்னியில் கட்டி என்று தெரிந்தால் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் வரும் சந்தேகங்களை டாக்டர்கள் தீர்த்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகு வருபவற்றைக் கேட்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. கிட்னியை முழுசாக எடுக்காமல் கட்டிக்கு மட்டும் சிகிச்சை செய்துகொண்டவர்களும் அவர்கள் வீட்டாரும் என்னிடம் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். மருந்தை மாற்றுவது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டர் சொல்லித்தான்.

"சின்னக் கட்டிதான்" என்றார்கள். எவ்வளவு சின்னது?

4 செ.மீ. வரை இருந்தால் சிறிய கட்டி என்பது கணக்கு. இந்த அளவில் பெரும்பாலும் வலியும் இருக்காது, மூத்திரத்தில் ரத்தமும் வராது. வயிற்று வலிக்கோ, கல் இருக்கிறதா என்று பார்க்கவோ ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் தற்செயலாகக் கண்ணில் படும். எடுத்துப் பரிசோதித்தால் சுமார் ஐந்தில் ஒன்று புற்றுநோயே இல்லாத கட்டியாக இருக்கும்.

கிட்னியைக் காப்பாற்றும் வழிகள் மூன்று. கட்டியையும் அதன் மெல்லிய ஓரத்தையும் மட்டும் வெட்டி எடுப்பது முதல் வழி. தோல் வழியாக ஊசி போன்ற கம்பியைச் செலுத்தி, கட்டியைச் சூட்டிலோ உறைகுளிரிலோ சாகடிப்பது இரண்டாவது. இது 3 செ.மீ.க்குள் இருக்கும் கட்டிக்கு நன்றாக ஒத்துவரும். எதுவும் செய்யாமல் ஸ்கேனில் கண்காணித்து வருவது மூன்றாவது.

பாதி கிட்னி போய்விட்டது என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். இனி பாதி பலம்தானா?

இல்லை. கிட்னி சுமார் 10, 11 செ.மீ. நீளம் இருக்கும். அதில் 3 செ.மீ. கட்டியை எடுத்தால், கூடவே போகும் நல்ல சதை கொஞ்சம்தான். தையல் போட்ட இடத்திலும், ஆபரேஷன் நேரத்தில் ரத்தக் குழாயைச் சில நிமிடம் அடைத்து வைத்ததாலும் இன்னும் கொஞ்சம் குறையும். இன்னொரு கிட்னி நல்லபடியாக இருப்பவருக்கு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு வேலைத்திறன் குறைவதுதான் வழக்கம். அதை உடம்பு உணரவே உணராது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால் ரத்தசோகையா, இதயமா என்று பாருங்கள். கிட்னியின் தலையில் போடாதீர்கள்.

முதல் சில நாள் கிரியேட்டினின் (கிட்னி வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு, ரத்தப் பரிசோதனையில் தெரியும்) ஏறித்தான் இருக்கும். அதைப் பார்த்து டயாலிசிஸ்வரை யோசித்து அழுதவர்கள் உண்டு. சுமார் மூன்று மாதத்தில் அது ஒரு இடத்தில் வந்து நிற்கும். அந்த எண்ணைத்தான் உங்கள் எண் என்று குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். கிரியேட்டினினோடு, கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் ஈஜிஎஃப்ஆர் என்ற கணக்கையும் கேட்டு வாங்குங்கள். வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துப் பார்ப்பதால் நிலைமையை அதுதான் நன்றாகக் காட்டும். அது 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று எழுதுவார்கள்.

முழுசாக எடுத்திருந்தால் ஒரேயடியாக நிம்மதியாக இருந்திருக்குமே?

வீட்டுக்கு வீடு இதைக் கேட்கிறார்கள். 'வேரோடு பிடுங்கிவிட்டால் திரும்ப வராது' என்று ஒரு எண்ணம். 1887-இலேயே ஜெர்மனியில் செர்னி என்ற சர்ஜன் கட்டியை மட்டும் எடுத்துக் கிட்னியை விட்டுவைத்தார். ஆனாலும் 1960-கள் தொடங்கிப் பல காலம் முழுசாக எடுப்பதே சட்டம் மாதிரி இருந்தது. சிறிய கட்டிகளில் இரண்டு வழியிலும் புற்றுநோயைக் கட்டுப்படுத்துவது ஏறக்குறைய ஒரே அளவுதான் என்று தெரிந்த பிறகுதான் வழக்கம் மாறியது.

நியூயார்க்கில் செய்து 2006-இல் வெளியான ஒரு ஆய்வு இதில் முக்கியமானது. மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது, கட்டியை மட்டும் எடுத்தவர்களில் 80 சதவீதம் பேருக்கு ஈஜிஎஃப்ஆர் 60-க்குக் கீழே இறங்கவில்லை. முழுக் கிட்னியையும் எடுத்தவர்களில் அப்படித் தப்பியவர்கள் 35 சதவீதம்தான். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: ஆபரேஷனுக்கு முன்பே நான்கில் ஒருவருக்குக் கிட்னி சோர்ந்துபோய் இருந்திருக்கிறது. எனக்கு இதுதான் பெரிய விஷயம். பின்னால் திரும்ப வருகிறேன்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஐரோப்பாவில் 541 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2011-இல் வந்தது. கிட்னியைக் காப்பாற்றியவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்று அதில் நிரூபிக்க முடியவில்லை. அதனால் கட்டி இருந்த இடம் சரியில்லாமல் முழுக் கிட்னியையும் இழந்தவர்கள் 'என் ஆயுசு போச்சு' என்று உட்கார வேண்டாம். மிச்சம் இருக்கும் ஒன்று நன்றாக இருந்தால் அது போதும்.

வலி எத்தனை நாள் இருக்கும்? விலாப் பக்கம் மரத்துப்போய் இருக்கிறதே?

துளை போட்டுச் செய்திருந்தால் கடுமையான வலி ஒரு வாரம், பத்து நாளில் அடங்கும். முதல் இரண்டு நாள் தோள்பட்டை வலித்தால், வயிற்றில் நிரப்பிய கேஸினால், தானாகப் போய்விடும். பக்கவாட்டில் கிழித்துச் செய்திருந்தால் ஆறு வாரம்வரை தும்மினாலும் இருமினாலும் விலா பிடிக்கும். தலையணையை அணைத்துக்கொண்டு இருமுங்கள்.

மரத்துப்போவது, எரிவது, சட்டை உரசினால் கூசுவது எல்லாம் தோல் நரம்பு அறுபட்டதால் வருவது. சில மாதத்தில் குறையும். கொஞ்சம் மரப்பு நிரந்தரமாகவே தங்கிவிடலாம். கிழித்த பக்கம் வயிறு ஒருபுறமாகத் துருத்திக்கொண்டு நின்றால், பெரும்பாலும் தசைக்குப் போகும் நரம்பு பலவீனமானதுதான். குடலிறக்கமா இல்லையா என்று சர்ஜன் ஒரு தடவை தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும். துருத்தல் அசிங்கமாக இருக்கிறது என்று சொல்ல வெட்கப்பட்டு, உள்ளுக்குள்ளேயே குமைந்த பெண்கள் பலர். கேளுங்கள். கேட்பதற்குத்தான் டாக்டர்.

செக்கப்புக்குப் போகும்போது திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஷேர் ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு போகாதீர்கள். 2021-இலிருந்து விம்கோ நகர்வரை மெட்ரோ வந்துவிட்டது. ஜி.எச்.சுக்குப் போகிறவர்கள் நேராக சென்ட்ரலில் இறங்கலாம்.

எதைப் பார்த்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம், மூன்று வாரம் என்று ஆகி, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் திடீரென்று மூத்திரம் சிவப்பாக, கட்டி கட்டியாக ரத்தத்தோடு வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. தையல் போட்ட இடத்தில் ரத்தக் குழாய் ஒன்று புடைத்துக் கசிகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அடிக்கடி வருவதில்லை. வந்தால் உயிருக்கு ஆபத்து. தொடை வழியாகவோ கை வழியாகவோ மெல்லிய குழாயை விட்டு அந்த ரத்தக் குழாயை அடைத்துவிடுவார்கள். பெரும்பாலும் கிட்னியும் பிழைத்துக்கொள்ளும். 'சூடு பிடித்துக்கொண்டது' என்று வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்துப் பார்க்கும் நேரம் இது இல்லை. தெருமுனை கிளினிக்கும் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு, எமர்ஜென்சியும் யூராலஜியும் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி கிட்டே இருக்கிறது.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், காயத்திலிருந்தோ ட்யூப் எடுத்த இடத்திலிருந்தோ தண்ணீர் மாதிரி விடாமல் கசிவது, தலைசுற்றி வியர்ப்பது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல், மூத்திரமே வராமல் இருப்பது: இவையும் காத்திருக்கக் கூடாதவை.

எப்போது வேலைக்குப் போகலாம்?

வேலையைப் பொறுத்தது. நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்குத் துளை ஆபரேஷன் செய்துகொண்டவர் இரண்டு, மூன்று வாரத்தில் போகலாம். கிழித்துச் செய்தவருக்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். ஊசி முறையில் செய்துகொண்டவர்கள் பெரும்பாலும் ஒரு வாரத்திலேயே எழுந்து நடமாடுகிறார்கள்.

நம்ம பக்கம் யார் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கிறார்கள்? காசிமேட்டில் வலை இழுக்கிறவர், ஹார்பரில் மூட்டை தூக்குகிறவர், மணலி ரோட்டில் கன்டெய்னர் ஓட்டுகிறவர், எம்.சி. ரோடு ஜவுளிக் கடையில் காலையிலிருந்து இரவுவரை நிற்கிறவர். பாரம் தூக்குகிறவருக்குக் குறைந்தது ஆறு வாரம் ஓய்வு வேண்டும். கிழித்துச் செய்திருந்தால் மூன்று மாதம்கூட ஆகும். படகில் போகிறவர்களுக்கு நான் கூடுதலாகச் சொல்வது, ரத்தம் கசியும் ஆபத்து உள்ள முதல் மூன்று, நான்கு வாரம் கரையை விட்டுப் போகவே வேண்டாம் என்பதுதான். நடுக்கடலில் 108 வராது. தினக்கூலிக்காரரிடம் மூன்று மாதம் ஓய்வு என்று சொல்வது எளிது, அடுப்பு எரிய வேண்டுமே என்பார்கள். அது நியாயம்தான். அதனால் ஆபரேஷன் தேதி குறிக்கும்போதே முதலாளியிடமோ சங்கத்திடமோ பேசி, சில மாதத்துக்கு இலகுவான வேலை கேட்டு வைக்கச் சொல்கிறேன். டிஸ்சார்ஜ் சீட்டில் 'பாரம் தூக்கக் கூடாது' என்று எழுதி வாங்கினால் பேசுவதற்குத் தெம்பாக இருக்கும்.

பெண்களின் வேலையை வீட்டில் யாரும் வேலையாகவே எண்ணுவதில்லை. லாரித் தண்ணீரோ அடிபம்போ, ஒரு பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் 15 கிலோவை நெருங்கும். சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் 30 கிலோ பக்கம். இடுப்பில் குடத்தை வைப்பது சரியாகத் தையல் போட்ட பக்கத்தில்தான் அழுத்தும். ஆறு வாரம் குடம், சிலிண்டர், மாவுக் கிரைண்டர் கல், ஈரத்துணி பக்கெட் எதையும் தொடக்கூடாது. இதை நோயாளியிடம் சொல்லிப் பயனில்லை என்று அனுபவத்தில் தெரிந்துகொண்டேன். வீட்டுக்காரரையும் மாமியாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்.

நடப்பது மட்டும் முதல் நாளிலிருந்தே நல்லது. படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும், மலம் இறுகும்.

என்ன சாப்பிடலாம்? தக்காளி, வாழைப்பழம், இளநீர் எல்லாம் நிறுத்தச் சொல்கிறார்களே?

யார் சொன்னது என்று கேட்டால் பக்கத்து வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்பவர் என்பார்கள். அவருக்கு எழுதிக் கொடுத்த பட்டியல் உங்களுக்கு இல்லை. ரத்தத்தில் பொட்டாசியம் கூடினவர்களுக்குத்தான் பழத்திலும் இளநீரிலும் கட்டுப்பாடு. உங்கள் ஈஜிஎஃப்ஆரும் பொட்டாசியமும் சரியாக இருந்தால் தக்காளியும் சாப்பிடலாம், இளநீரும் குடிக்கலாம். மீன், முட்டை, பருப்பை நிறுத்திவிட்டு வெறும் கஞ்சியோடு இருந்தால் காயம் ஆறுவதுதான் தள்ளிப்போகும். அதற்காகப் புரதப் பவுடர் டப்பாவை வாங்கிக் கலக்கிக் குடிக்கவும் வேண்டாம்.

குறைக்க வேண்டியது உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டீஸ்பூன் அளவு. அதில் சாம்பாரும் அடக்கம், ஊறுகாயும் அடக்கம். கருவாட்டுக் குழம்பு நம்ம ஊர் உயிர் என்று தெரியும். மாதம் ஒரு தடவை ஆசைக்குச் சாப்பிடுங்கள். காசிமேடு பக்கத்தில் இருந்துகொண்டு நல்ல மீனுக்கா பஞ்சம்? பீச் ஸ்டேஷன் பக்கமும் வியாசர்பாடியிலும் விற்கும் அத்தோ (பர்மா நூடுல்ஸ்), கடை பிரியாணி, அப்பளம், சிப்ஸ் எல்லாவற்றிலும் உப்பு நாக்குக்குத் தெரிவதைவிட அதிகம்.

தண்ணீர்? மூத்திரம் வெளிறிய மஞ்சளாகப் போகும் அளவுக்குக் குடித்தால் சரி. நம்ம மே மாத வெயிலில் வெளியே வேலை பார்ப்பவர்களுக்கு மூன்று லிட்டருக்கு மேலும் தேவைப்படும். இதயக் கோளாறோ கால் வீக்கமோ இருப்பவர்கள் டாக்டரிடம் அளவு கேளுங்கள். பீர் குடித்தால் கிட்னி சுத்தமாகும் என்பது டாஸ்மாக் வாசலில் பிறந்த வைத்தியம்.

நாட்டு மருந்து எடுக்கலாமா?

பாரிமுனை ராசப்ப செட்டித் தெருவில் கிடைக்காத மூலிகை இல்லை. சுக்கு, மிளகு, சீரகம் சமையலில் சேர்வதைப் பற்றி எனக்கு எந்தத் தகராறும் இல்லை. 'கிட்னி பலப்பட' என்று பெயர் தெரியாத பொடியை மாதக்கணக்கில் சாப்பிடுவதுதான் ஆபத்து. ஆடுதின்னாப்பாளை என்ற மூலிகையில் இருக்கும் ஒரு அமிலம் கிட்னியைத் தழும்பாக்கும், மூத்திரப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். இது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட விஷயம். பஸ்பம், செந்தூரம் சரியாகச் செய்யப்படாவிட்டால் ஈயமும் பாதரசமும் உள்ளே போகும். நட்சத்திரப் பழச் சாற்றை வெறும் வயிற்றில் நிறையக் குடித்துக் கிட்னி பழுதானவர்களும் உண்டு. சித்த வைத்தியம் பார்ப்பதென்றால் பட்டம் பெற்ற அரசு சித்த மருத்துவரிடம் போய், கிட்னி ஆபரேஷன் ஆனதை முதலில் சொல்லுங்கள்.

மூட்டு வலி, பல் வலி வந்தால்?

பாராசிட்டமால், டாக்டர் சொன்ன அளவில். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென், அசிக்ளோஃபெனாக் போன்றவை கிட்னிக்குள் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. மெடிக்கல் ஷாப்பில் 'உடம்பு வலிக்கு ஒரு செட் குடுங்க' என்று கேட்டால் பேப்பரில் மடித்துக் கொடுக்கும் மாத்திரைகளில் இவற்றில் ஒன்று இல்லாமல் இருப்பது அரிது. வெயிலில் மூட்டை தூக்கி, தண்ணீர் குடிக்காமல், ராத்திரி அந்த செட்டைப் போட்டுக்கொண்டு படுப்பவரின் கிட்னிக்கு அதைவிடப் பெரிய எதிரி வேண்டாம். பல் டாக்டர், எலும்பு டாக்டர், ஊசி போடும் கம்பவுண்டர் யாராக இருந்தாலும் முதல் வாக்கியமே 'எனக்குக் கிட்னியில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது' என்று இருக்கட்டும்.

கட்டிதான் போய்விட்டதே, இன்னும் பி.பி., சுகர் மாத்திரை எதற்கு?

இதைத்தான் பின்னால் சொல்கிறேன் என்றேன். சிறிய கட்டிக்குச் சரியான சிகிச்சை கிடைத்தவர்களில் ஐந்து வருடத்துக்குள் அந்தப் புற்றுநோயால் இறப்பவர்கள் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவு. சர்ஜன் வேலையை முடித்துவிட்டார். அடுத்த இருபது வருடம் உங்கள் கிட்னி எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிக்கப்போவது பி.பி.யும் சுகரும்தான். ஆபரேஷனால் குறைந்த வேலைத்திறன் ஒரு இடத்தில் நின்றுவிடும். சுகரால் குறைவது நிற்காமல் இறங்கிக்கொண்டே போகும். கட்டியை நினைத்துத் தூங்காமல் இருக்கும் அதே மனிதர் சுகர் 280 இருப்பதைப் பற்றிக் கவலையே இல்லாமல் பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

பி.பி. 130/80-க்குக் கீழே இருக்கப் பாருங்கள். மூத்திரத்தில் புரதம் போகிறதா என்ற பரிசோதனையை வருடம் ஒரு தடவை கேட்டுச் செய்யுங்கள். செலவு குறைவு. கிரியேட்டினின் ஏறுவதற்கு முன்பே ஆபத்தைக் காட்டிக்கொடுக்கும் பரிசோதனை இதுதான், ஆனால் கேட்காவிட்டால் எழுதித் தர மறந்துவிடுகிறார்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

ஊசி முறையில் செய்தோம். மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டி அப்படியே இருக்கிறது என்று எழுதியிருக்கிறதே!

அடிக்கடி வரும் அதிர்ச்சி இது. இந்த முறையில் கட்டியை வெளியே எடுப்பதே இல்லை. இருந்த இடத்திலேயே சாகடிக்கிறார்கள். செத்த கட்டி உடனே மறையாது. முதல் ஸ்கேனில் முன்னைவிடப் பெரிதாகத் தெரிவதுகூட உண்டு, ஏனென்றால் சுற்றி ஒரு ஓரத்தையும் சேர்த்துத்தான் சுட்டிருப்பார்கள். பிறகு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெதுவாகச் சுருங்கித் தழும்பாகும். ரிப்போர்ட்டில் செ.மீ. அளவைத் தேடாதீர்கள். சாய மருந்து ஏற்றிய பிறகு அந்த இடம் வெளிச்சமாகிறதா என்பதுதான் கேள்வி. வெளிச்சமாகாவிட்டால் அங்கே ரத்த ஓட்டம் இல்லை, உயிரும் இல்லை. ஒரு ஓரம் மட்டும் வெளிச்சமானால் மிச்சம் இருக்கிறது என்று பொருள். அப்போதும் பெரும்பாலும் இன்னொரு தடவை ஊசி போட்டே முடித்துவிடலாம். வெட்டி எடுப்பதைவிட இந்த முறையில் இப்படி மிச்சம் தங்கும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம் என்பதைச் செய்வதற்கு முன்பே சொல்லியிருப்பார்கள்.

வெட்டி எடுத்தவர்களுக்கும் இதில் ஒரு வம்பு உண்டு. ரத்தம் நிற்க உள்ளே வைத்த பஞ்சு போன்ற பொருள், ஆரம்ப ஸ்கேனில் கட்டி மாதிரியோ சீழ் மாதிரியோ தெரியும். அதனால் ஸ்கேன் சென்டரில் ஆபரேஷன் தேதியையும் என்ன முறை என்பதையும் சொல்லி, பழைய ஸ்கேன் பதிந்த சி.டி. தட்டையும் கையில் கொடுங்கள்.

கட்டியை அப்படியே விட்டுவைத்து ஸ்கேன் மட்டும் எடுக்கச் சொல்கிறார்கள். காசில்லை என்பதாலா?

இல்லை. வயதானவர், இதயம் பலவீனமானவர், கட்டி 2 செ.மீ. பக்கம் இருப்பவர் ஆகியோருக்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் வழி இது. இந்தக் கட்டிகள் சராசரியாக வருடத்துக்கு 2, 3 மி.மீ.தான் வளர்கின்றன. கண்காணிக்கும் காலத்தில் வேறு இடத்துக்குப் பரவுவது அரிது. வேகமாக வளர்ந்தால் அப்போது சிகிச்சை. ஆனால் ஸ்கேன் தேதியைத் தவறவிடுபவருக்கு இந்த வழி சரிப்படாது. இதை நான் ஒளிக்காமல் சொல்லிவிடுவேன்.

ஸ்கேன் தேதி நெருங்கினாலே தூக்கம் வரவில்லை. இது மனநோயா?

இல்லை. புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டவர்கள் எல்லோருக்கும் வருவது. கிட்னியைக் காப்பாற்றிக்கொண்டவர்களுக்கு ஒரு தனிக் கவலை: 'இடம் அங்கேயேதானே இருக்கிறது, திரும்ப முளைக்காதா?' வெட்டி எடுத்த இடத்திலேயே திரும்ப வருவது நூற்றில் சிலருக்குத்தான். உடம்பைப் பொறுத்தவரை, பெரும்பாலானவர்கள் சில மாதத்தில் பழையபடி ஆகிவிடுகிறார்கள். மனசு கொஞ்சம் பின்தங்கி வரும்.

நம்ம வீடுகளில் இதை மோசமாக்குவது ஒளிப்பதுதான். அப்பாவுக்கு 'கட்டி' என்று மட்டும் சொல்லிவிட்டு, ரிப்போர்ட்டைப் பிள்ளைகள் பீரோவில் பூட்டி வைப்பார்கள். அவர் ஆஸ்பத்திரி வாசலில் பலகையைப் படிக்காதவரா? தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பார், இவர்கள் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். வீட்டில் யாரோடும் யாரும் பேச முடியாமல் போகும். சிறிய கட்டியில் நல்ல செய்திதான் அதிகம், அதை ஒளிப்பானேன்? முழுசாகச் சொல்லுங்கள்.

ஸ்கேன் எடுத்த அன்றே ரிப்போர்ட் பார்க்கும் டாக்டரிடமும் நேரம் வாங்கி வையுங்கள். நடுவில் ஒரு வாரம் விட்டால் அந்த ஒரு வாரம் செல்போனில் தேடித் தேடி நாசமாகும். சாப்பாடு இறங்கவில்லை, வேலை ஓடவில்லை, வாழ்க்கையே வெறுத்துவிட்டது என்ற நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல டாக்டரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். 104-உம் உண்டு.

எத்தனை வருடம் ஸ்கேன்?

புற்றுநோய் என்று உறுதியானால் முதல் வருடத்துக்குள் ஒரு தடவை, பிறகு வருடத்துக்கு ஒரு தடவை, குறைந்தது ஐந்து வருடம். நெஞ்சுக்கும் எக்ஸ்ரேயோ சி.டி. ஸ்கேனோ எடுப்பார்கள். கட்டியின் வகையைப் பொறுத்து டாக்டர் கூட்டுவார், குறைப்பார். பயாப்சி ரிப்போர்ட்டில் வெட்டிய விளிம்பில் புற்றுநோய் செல்கள் இருந்தன என்று எழுதியிருந்தாலும் பலருக்குத் திரும்ப வருவதில்லை. ஸ்கேன்தான் இன்னும் நெருக்கமாக எடுப்பார்கள். சாய மருந்து ஏற்றுவதற்கு முன் கிரியேட்டினின் ரிப்போர்ட்டைக் காட்டி, சாப்பிடும் சுகர் மாத்திரையின் பெயரையும் சொல்லுங்கள்.

மணலி, எண்ணூர் புகையால்தான் வந்ததா?

கோபம் புரிகிறது. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரம் முழுக்க எண்ணெய் மிதந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம். ஆனால் ஒருவருடைய கட்டிக்கு இதுதான் காரணம் என்று யாராலும் கைகாட்டிச் சொல்ல முடியாது. உறுதியாகத் தெரிந்த காரணங்கள் சிகரெட், உடல் பருமன், உயர் ரத்த அழுத்தம். இரும்புச் சாமான்களின் கிரீஸைக் கழுவப் பயன்படும் டிரைகுளோரோஎத்திலீன் என்ற திரவமும் கிட்னிப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது நிரூபணமானது. பட்டறையில் அப்படிப்பட்ட வேலை பார்த்திருந்தால் டாக்டரிடம் சொல்லி ஃபைலில் எழுதவையுங்கள். சிகரெட்டை எப்படியும் விட்டாக வேண்டும்.

நோன்பு வைக்கலாமா? மலைக்குப் போகலாமா?

முதல் மூன்று மாதத்துக்குள் ரமலான் வந்தால் வேண்டாம். உடல்நலம் இல்லாதவருக்கு மார்க்கத்திலேயே விலக்கு உண்டு, மண்ணடி, ராயபுரம் பக்கம் ஆலிம்களே இதை எடுத்துச் சொல்கிறார்கள். பிறகு ஈஜிஎஃப்ஆர் நன்றாக இருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு வைக்கலாம். நோன்பு திறந்ததிலிருந்து சஹர்வரை தண்ணீரைப் பிரித்துக் குடியுங்கள். சபரிமலை, பாதயாத்திரைக்கும் அதே மூன்று மாதம்.

தாம்பத்தியம்? குழந்தை?

நாலு முதல் ஆறு வாரம் கழித்து, வலி இல்லாவிட்டால் எந்தத் தடையும் இல்லை. ஆண்மைக்கும் இந்த ஆபரேஷனுக்கும் சம்பந்தமே இல்லை. குழந்தையும் பெறலாம், எப்போது என்பதை யூராலஜி, மகப்பேறு டாக்டர்கள் இருவரிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள். பி.பி. மாத்திரைகளில் சில கர்ப்பத்தில் ஆகாது, முன்கூட்டியே மாற்ற வேண்டும்.

பிள்ளைகளுக்கும் வருமா?

பெரும்பாலும் பரம்பரை இல்லை. சின்ன வயதிலேயே வந்திருந்தாலோ, இரண்டு கிட்னியிலும் கட்டிகள் இருந்தாலோ, ரத்த சொந்தத்தில் இன்னொருவருக்கும் இருந்தாலோ மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

செலவுக்கு என்ன வழி?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய்வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, அதோடு ரேஷன் கார்டு, ஆதாரையும் கொடுத்து அட்டை வாங்கலாம். ஆபரேஷன் முடிந்த பிறகு வரும் ஸ்கேன்களுக்கு அது செல்லுமா என்பதை ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டு மேசையில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். தனியார் பாலிசி புதிதாக எடுத்தால் ஆபரேஷனை மறைக்காதீர்கள். 2024 விதிப்படி, முன்பே இருந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று வருடம். மறைத்தது தெரிந்தால் பணமே வராது.

ஃபைலில் என்னென்ன இருக்க வேண்டும்?

டிஸ்சார்ஜ் சீட்டு, ஆபரேஷன் குறிப்பு, பயாப்சி ரிப்போர்ட், எல்லா ஸ்கேன் சி.டி.க்களும், பிறகு ஒரு நோட்டில் தேதிவாரியாக கிரியேட்டினின், ஈஜிஎஃப்ஆர், பி.பி. பயாப்சி ரிப்போர்ட்டைப் பலர் வாங்காமலேயே விட்டுவிடுகிறார்கள். அது வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் டிஸ்சார்ஜ் ஆகிவிடும். திரும்பப் போய்க் கேட்டு வாங்க வேண்டும். எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து மகனுக்கோ மகளுக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். புளியந்தோப்பு, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டையில் தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள் ஃபைலைக் கெட்டியான பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பரண்மேல் வையுங்கள், ஐப்பசி பிறப்பதற்கு முன்னாலேயே.